காலைத் தட்டில் கனிக்கு இடம் உண்டா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் என விரிந்து கிடக்கும் நம் புறநகர்ப் பங்குகளில், ஞாயிறு முதல் திருப்பலி முடிந்து மக்கள் ஆலய முற்றத்தில் கூடும் வேளையில், நலம் விசாரிக்கும் சொற்களுக்கிடையே ஒரு வினா தவறாமல் எழுகின்றது: "சர்க்கரை எப்படி இருக்கிறது?" இருபது ஆண்டுகளுக்கு முன்னர் முதியோர் மட்டுமே தமக்குள் கேட்டுக்கொண்ட வினா இது. இன்றோ முப்பத்தைந்து வயதினரும் இதற்கு விடை சொல்லவேண்டிய நிலையில் உள்ளனர்.

விடையைத் தொடர்ந்து அறிவுரைகள் வருகின்றன. அவற்றுள் மிகுந்த குழப்பம் தருவது கனிகளைப் பற்றிய அறிவுரையே. "பழம் இறைவன் மரத்திலேயே சமைத்து வைத்த உணவு; அதனால் ஒரு தீங்கும் வராது" என்று கூறி, காலையில் இட்லியை விலக்கிவிட்டு, வாழையும் சப்போட்டாவும் திராட்சையும் நிறைந்த பெரிய கிண்ணத்தை எடுத்துக்கொள்வோர் ஒரு சாரார். "பழத்திலும் சர்க்கரைதானே இருக்கிறது" என்று கூறி, மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைக் கைக்கொண்டு, ஒரு துண்டு கொய்யாவையும் நஞ்சென ஒதுக்குவோர் மற்றொரு சாரார். சில இல்லங்களில் கணவர் முதல் அணியிலும் மனைவி இரண்டாம் அணியிலும் இருப்பதுண்டு! இவ்விரு சாராருள் எவர் கூற்று சரி? காலை உணவில் நீரிழிவு உள்ளவர் கனி உண்ணலாமா? உண்ணலாமெனில் எதனை, எவ்வளவு, எப்படி? இதனை இங்கே நிதானமாக ஆராய்வோம்.

நம் நகரம் காட்டும் கணக்கு

நீரிழிவு ஆராய்ச்சியில் சென்னை நகருக்கு இந்திய நாட்டிலேயே தனி இடமுண்டு. பேராசிரியர் மு. விசுவநாதன் அவர்கள் 1948-ஆம் ஆண்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு ஒன்றினைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். அன்று அவர் ஊன்றிய வித்திலிருந்து வளர்ந்த ஆய்வுகளே இன்று நமக்கு வழிகாட்டுகின்றன.

அவ்வாய்வுகள் காட்டும் எண்கள் நம்மைச் சிந்திக்க வைப்பவை. 1989-இல் சென்னை நகரின் வயதுவந்தோரில் நூற்றுக்கு 8.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. மருத்துவர் வி. மோகன் அவர்கள் தலைமையில் நடைபெற்ற சென்னை நகர்ப்புற, கிராமப்புற ஆய்வில் 2003-04-ஆம் ஆண்டளவில் இது 14.3 ஆக உயர்ந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையவர் என்றும், மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் தெரியவந்தது. தமிழகத்தின் பங்கு நூற்றுக்கு 14.4. ஏழு பெரியவர்களுள் ஒருவர் என்று கொள்ளலாம். ஆலயத்தில் நாம் அமர்ந்திருக்கும் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

தாம்பரம் என்றவுடன் மூத்தோர் பலருக்கு நினைவுக்கு வருவது 1928-இல் மருத்துவர் சவுரிமுத்து அவர்கள் தொடங்கிய காசநோய்ச் சானடோரியம். நீரிழிவைக் கட்டுப்படுத்தாதவருக்குக் காசநோய் பற்றும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. கண், சிறுநீரகம், பாதம், இதயம் ஆகியவற்றோடு நுரையீரலும் இந்நோயின் தாக்குதலுக்கு உட்பட்டதே. ஆகவே "காலையில் என்ன சாப்பிடுவது?" என்பது நாவின் சுவையைப் பற்றிய சிறு வினா அன்று.

விடியற்காலையில் உடலில் நிகழ்வது

இரவு உணவுக்குப் பின் எட்டு அல்லது பத்து மணி நேரம் நாம் ஒன்றும் உண்பதில்லை. எனினும் பலருக்குக் காலையில் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை கூடுதலாக இருக்கின்றது. "இரவு இரண்டே சப்பாத்திதானே உண்டேன், இது எங்கிருந்து வந்தது?" என்று அவர்கள் வியக்கின்றனர்.

இதற்குக் காரணம் உண்டு. பொழுது புலரும் வேளையில் உடலை எழுப்புவதற்கெனக் கார்ட்டிசால் முதலிய சில சுரப்புகள் பெருகுகின்றன. இவை கல்லீரலைத் தூண்டி, அங்குச் சேர்த்து வைக்கப்பட்டுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடச் செய்கின்றன. அதே நேரத்தில் இன்சுலினின் ஆற்றலையும் இவை ஓரளவு தடுக்கின்றன. உடல்நலம் உடையவருக்குக் கணையம் கூடுதலான இன்சுலினைச் சுரந்து இதனைச் சரிசெய்துவிடும். நீரிழிவு உள்ளவரின் கணையத்தால் அது முழுமையாக இயலுவதில்லை.

இதனால்தான் மதியத்தில் உண்டால் ஓரளவு தாங்கக்கூடிய அதே உணவு, காலையில் சர்க்கரையை மிகுதியாக உயர்த்திவிடுகின்றது. நாள் முழுவதிலும் மாவுச்சத்தைத் தாங்கும் திறன் பலருக்குக் காலையிலேதான் மிகக் குறைவு. நம் தமிழ் இல்லங்களிலோ இட்லி, தோசை, பொங்கல், உப்புமா என மாவுச்சத்து நிறைந்த உணவுகளே காலையில் அணிவகுத்து நிற்கின்றன.

கனிக்குள் இருப்பது என்ன?

கனியின் இனிப்பு குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ் என்னும் மூவகைச் சர்க்கரைகளின் கலப்பு. இவற்றுள் குளுக்கோஸ் நேரே இரத்தத்தில் சேர்ந்து அளவை உயர்த்தும். பிரக்டோஸ் கல்லீரலுக்குச் சென்று மெல்ல மாற்றம் அடையும். அதனால் அது உடனே கருவியில் தெரிவதில்லை. மிகுந்தால் கொழுப்பாக மாறிக் கல்லீரலிலேயே படியும். எனவே, "பழம் உண்டேன், கருவியில் ஏறவில்லை" என்பது அளவின்றி உண்ண உரிமைச் சீட்டு ஆகாது.

ஆயினும் கனியில் சர்க்கரை மட்டுமே இல்லை. நார்ச்சத்து உண்டு; நீர் உண்டு; வைட்டமின்களும் பொட்டாசியமும் உண்டு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேலாக வைட்டமின் சி இருக்கின்றது. விலையுயர்ந்த ஆப்பிளில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மென்று உண்ணும் முழுக்கனியின் நார், சர்க்கரை குடலிலிருந்து இரத்தத்தில் சேரும் விரைவைக் குறைக்கின்றது. ஒரு கரண்டிச் சர்க்கரையையும் ஒரு துண்டுக் கனியையும் உடல் ஒன்றுபோல் நடத்துவதில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

ஆய்வுகள் கூறுவது

சீன நாட்டில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. நாள்தோறும் புதிய கனி உண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, உண்ணாதவர்களைவிட நூற்றுக்கு 12 பங்கு குறைவாக இருந்தது. முன்னரே நீரிழிவு உள்ளவர்களிலும், வாரத்தில் மூன்று நாள்களுக்கு மேல் கனி உண்டவர்களிடையே இறப்பு நூற்றுக்கு 17 பங்கு குறைவாகக் காணப்பட்டது. கனி உண்போர் வேறு நற்பழக்கங்களும் உடையவராய் இருக்கக்கூடும். ஆகவே இதனைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லுதல் தகாது. ஆயினும் கனி நஞ்சு என்னும் கூற்றுக்கு இது துணைநிற்கவில்லை.

டென்மார்க்கில் 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு நம் வினாவுக்கு இன்னும் நெருக்கமானது. புதிதாக நீரிழிவு கண்ட 63 பேரை இரு குழுவினராகப் பிரித்தனர். ஒரு குழுவினரிடம் நாளொன்றுக்கு இரண்டு கனிகளுக்குக் குறையாமலும், மற்றக் குழுவினரிடம் இரண்டுக்கு மேற்படாமலும் உண்ணுமாறு கூறினர். பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் அவர்களது சராசரிச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. கனியைக் குறைத்ததனால் மட்டும் தனி நன்மை விளையவில்லை என்பது இதன் பொருள்.

இவ்விரண்டு ஆய்வுகளும் நடந்த இடங்களின் உணவு நம் உணவினின்று வேறுபட்டது. நான்கு இட்லியின் மேல் கனியைச் சேர்த்து உண்ணும் வழக்கம் அங்கில்லை. நாம் கவனிக்கவேண்டிய இடம் இதுவே.

கூட்டுவதா, மாற்றுவதா?

ஒரு சராசரிக் காலை உணவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நடுத்தர அளவுள்ள ஓர் இட்லியில் சற்றேறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து உண்டு. நான்கு இட்லிக்கு 40 கிராம். இரண்டு கரண்டிச் சர்க்கரையிட்ட காப்பியில் ஏறத்தாழ 10 கிராம். "உடம்புக்கு நல்லது" என்று இறுதியில் உண்ணும் நன்கு கனிந்த வாழைப்பழத்தில் 25 கிராம். கூட்டினால் 75 கிராம்! நீரிழிவு உண்டா என்று கண்டறிய ஆய்வுக்கூடத்தில் நமக்குக் குடிக்கத் தரும் குளுக்கோஸின் அளவும் அதே 75 கிராம்தான். இட்லியின் மாவுச்சத்து குளுக்கோஸ் நீரைப்போல் அத்துணை விரைவாக இரத்தத்தில் சேர்வதில்லை என்பது உண்மையே. எனினும் சுமை சுமைதான்.

இப்போது அதே தட்டைச் சிறிது மாற்றி அமைப்போம். இரண்டு இட்லி, காய்கறி மிகுந்த சாம்பார் ஒரு கிண்ணம், ஓர் அவித்த முட்டை அல்லது ஒரு கையளவு சுண்டல், சர்க்கரை இடாத காப்பி, இறுதியில் பாதிக் கொய்யா. வயிறு நிறைகின்றது, கனியும் கிடைக்கின்றது, மாவுச்சத்தோ ஏறக்குறைய 50 கிராமுக்குள் அடங்கிவிடுகின்றது. முதல் தட்டில் கனி கூடுதலாக வந்த விருந்தாளி. இரண்டாம் தட்டில் அது இட்லி விட்டுச் சென்ற இடத்தில் அமர்ந்துள்ளது.

நாம் வலியுறுத்த விழைவது இது ஒன்றே: நீரிழிவு உள்ளவர் காலையில் கனி உண்ணலாம், ஆனால் வழக்கமான உணவின்மேல் அதைக் கூட்டாமல், அந்த உணவின் ஒரு பகுதியைக் குறைத்து அதற்கு மாற்றாகவே உண்ணவேண்டும். கனியை மட்டுமே காலை உணவாகக் கொள்வதும் நன்றன்று. புரதம் இல்லாத அவ்வுணவு விரைவில் சர்க்கரையை ஏற்றி, பதினொரு மணிக்கெல்லாம் பசியைக் கிளப்பி, வடையையும் பிஸ்கட்டையும் தேட வைக்கும்.

உண்ணும் வரிசையும் உதவும். நியூயார்க் நகரில் 2015-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே உணவைக் காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து இறுதியில் என்னும் வரிசையில் நீரிழிவாளர்கள் உண்டபோது, ஒரு மணி நேரத்திற்குப் பின் சர்க்கரை நூற்றுக்கு 37 பங்கு அளவுக்குக் குறைவாக இருந்தது. பதினொருவரே பங்கேற்ற ஆய்வாயினும் செலவில்லாத பழக்கம் இது. முட்டையையும் சுண்டலையும் சாம்பார்க் காயையும் முதலில் உண்டு, பின்னர் இட்லியையும் இறுதியில் கனியையும் உண்டு பார்க்கலாமன்றோ?

சாறு கனி ஆகாது

தாம்பரம் இரயில் நிலையத்திற்கு வெளியிலும், ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் சாறு பிழியும் கடைகள் பல உள்ளன. "சர்க்கரை போடாமல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நோயை ஏமாற்றிவிட்டதாக நம்மில் பலர் மகிழ்கின்றோம்.

ஒரு குவளைச் சாறுக்கு மூன்று நான்கு சாத்துக்குடிகள் தேவை. அத்தனையையும் உரித்துச் சுளை சுளையாக மென்று எவரும் ஒரே வேளையில் உண்பதில்லை. சாறாக்கினால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிடுகின்றோம். நார் சக்கையோடு குப்பைக்கூடைக்குச் செல்கின்றது. சர்க்கரை மட்டும் நமக்கு வந்து சேர்கின்றது. அமெரிக்க நாட்டில் 1 இலட்சத்து 87 ஆயிரம் பேரைக் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, முழுக்கனி உண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைந்ததையும், சாறு குடித்தவர்களுக்கு அது சற்றுக் கூடியதையும் எடுத்துக்காட்டிற்று. உலர்ந்த திராட்சை, பேரீச்சை ஆகியவற்றிலும் நீர் வற்றிச் சர்க்கரை செறிந்திருப்பதால் மிகுந்த கவனம் தேவை.

சாறுக்கும் ஒரு வேளை உண்டு. சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கைகால் நடுங்கும்போது அரைக் குவளைச் சாறு உயிர் காக்கும் மருந்து. மற்ற வேளைகளில் அதனை மருந்துப் பெட்டியிலேயே விட்டுவைப்போம்.

எந்தக் கனி, எவ்வளவு?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, சராசரி மனிதருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கனியைப் பரிந்துரைக்கின்றது. நீரிழிவு உள்ளவரும் இதனை அளவாகக் கொள்ளலாம். இதனையும் காலை ஒரு பாதி, மாலை ஒரு பாதி எனப் பிரித்து உண்பது மேலும் சிறந்தது.

விலை மலிந்ததும் ஆண்டின் பெரும்பகுதி கிடைப்பதுமான கொய்யாவுக்கே முதலிடம் தருவோம். அதனையும் காய்ப்பதத்தில் உண்பது நன்று. பப்பாளி நான்கைந்து துண்டுகள் உண்ணலாம். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, சிறிய ஆப்பிள் ஆகியவற்றுள் ஒன்று போதும். நாவல் பழம் வரும் காலத்தில் ஒரு கைப்பிடி உண்ணலாம். ஆனால் நாவற்பழம் நீரிழிவைக் குணமாக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. நெல்லிக்கனி மிக நன்று. தேனில் ஊறிய நெல்லி மிட்டாய்க்கு ஒப்பானது.

வாழை, மா, பலா, சப்போட்டா, சீத்தாப்பழம், திராட்சை ஆகியவை சர்க்கரை செறிந்தவை. இவற்றை முற்றிலும் விலக்கவேண்டும் என்பதில்லை. கோடையில் பங்கனப்பள்ளி வீட்டுக்கு வந்தால் இரண்டு சிறு கீற்றுகள், அதுவும் காலையில் அன்றி மதிய நடைக்கோ மாலை நடைக்கோ முன்னர் உண்ணலாம். அந்நாளில் சோற்றில் ஒரு கரண்டி குறைப்போம். வாழை உண்ண விரும்புவோர் மிகக் கனியாத சிறு பழத்தில் பாதியோடு நிறுத்துக. காயில் இருக்கும் மாவுப்பொருள் கனியக் கனியச் சர்க்கரையாக மாறிவிடுகின்றது.

சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. பொட்டாசியம் அவர்களது உடலில் தேங்கி இதயத்தைத் தாக்கும் ஆதலால், எந்தக் கனியையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அவர்கள் உண்ணவேண்டும். கருவுற்ற காலத்தில் சர்க்கரை கண்ட தாய்மாரும் அவ்வாறே.

மாவுச்சத்தைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு

மாவுச்சத்தைக் குறைத்தல் புதிய முறையன்று. 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன்னர் மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி அதுதான். பின்னர் காலம் மாறிற்று. நம் சென்னையிலேயே விசுவநாதன் அவர்கள் நார்ச்சத்து மிகுந்த மாவுச்சத்து உணவைக் கொண்டு நோயாளிகளுக்கு நன்மை செய்தார். தானியத்தையும் பருப்பையும் தவிட்டோடும் தோலோடும் உண்டால் பயன் உண்டு என்பதே அதன் சாரம். தவிடு நீக்கிய வெள்ளரிசிக்கு அது பொருந்தாது.

இன்று இந்தியர் பெறும் ஆற்றலில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. அதே ஆய்வின் அடிப்படையில் 2022-இல் வெளியான கணிப்பின்படி, புதிதாக நோய் கண்டவர்கள் அதனை 49 முதல் 54 பங்காகக் குறைத்து, புரதத்தை 20 பங்கு அளவுக்கு உயர்த்தினால் நோய் தணியும் வாய்ப்பு உண்டு. அஃதாவது, நான்கு இட்லி இரண்டாவதும், அந்த இடத்தில் பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் வருவதுமே இதன் நடைமுறைப் பொருள். கனியையும் கீரையையும் துறக்கும் துறவறம் இதில் கேட்கப்படவில்லை.

மாவுச்சத்தை அறவே நீக்கும் கடும் முறையை மேற்கொள்ள விரும்புவோர் ஒன்றை மனத்தில் இருத்தவேண்டும். இன்சுலின் ஊசியோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ கொள்வோர் மருந்தளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை கொள்வோருக்கு இத்தகைய கடும் உணவுமுறையால் இரத்தத்தில் அமிலம் பெருகும் அபாயமும் உண்டு. மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்குவது துணிவு அன்று.

திருப்பலியும் ஒருசந்தியும்

நம் இல்லங்களில் ஞாயிறு காலைக்கெனத் தனிப் பழக்கம் உண்டு. விடியலில் எழுந்து, மாத்திரையை விழுங்கி, ஒன்றும் உண்ணாமல் திருப்பலிக்கு வருகின்றோம். பின்னர் மறைக்கல்வி, அன்பியக் கூட்டம், மீன் கடை. வீடு திரும்பப் பத்து மணியாகிவிடுகின்றது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உள்ளே வேலை செய்ய, உணவு வராத நிலையில் முதியோர் ஆலயத்திலேயே மயங்குவதுண்டு.

திருச்சபையின் சட்டம் இத்தகைய துன்பத்தைக் கேட்கவில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உணவு கொள்ளாதிருத்தலே இன்றைய ஒழுங்கு. தண்ணீரும் மருந்தும் அதற்குத் தடையல்ல. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை என்று திருச்சபைச் சட்டம் 919 தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே ஓர் அவித்த முட்டையையோ கையளவு சுண்டலையோ உண்டு வருவதற்கு எவரும் மனம் கூசவேண்டியதில்லை.

தவக்கால ஒருசந்தியும் அவ்வாறே. உண்ணா நோன்பு 18 வயது நிறைந்தவரிடமிருந்து, 60-ஆம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கே உரியது. நோயாளிகள் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். திருநீற்றுப் புதனன்றும் புனித வெள்ளியன்றும் ஊசியைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது புண்ணியம் ஆகாது. இனிப்பைத் துறந்து, அந்தப் பணத்தை வறியவருக்கு ஈதல் நீரிழிவாளருக்கு ஏற்ற நோன்பன்றோ?

வெளியே செல்லும்போது, சிறப்பாக வேளாங்கண்ணித் திருப்பயணம் போன்ற நெடும் பயணங்களில், குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, உட்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவேண்டும்.

பத்து நாள் சோதனை

பாபிலோன் அரண்மனையில் தானியேலும் அவர்தம் தோழரும் அரச உணவை மறுத்தபோது, தங்கள் காவலரிடம் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து சோதித்து, பின்னர் மற்றவரோடு ஒப்பிட்டு முடிவு செய்யுமாறு வேண்டினர். தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரம் கூறும் இந்நிகழ்ச்சியில் நமக்கும் ஒரு பாடம் உள்ளது.

ஒருவர் உடல் போல் மற்றவர் உடல் இல்லை. ஒரே பப்பாளித் துண்டு ஒருவருக்கு 20 அளவு உயர்த்தும். மற்றவருக்கு 60 உயர்த்தும். ஆகவே அண்டை வீட்டாரின் அனுபவத்தை விட்டு, வீட்டிலுள்ள சர்க்கரை அளக்கும் கருவியையே நடுவராகக் கொள்வோம். பத்து நாள்களில் ஐந்து நாள் கனியில்லாமலும், ஐந்து நாள் ஓர் இட்லிக்கு மாற்றாகக் கனியோடும் காலை உணவு கொள்க. மற்றவை மாறாதிருக்கட்டும். உண்பதற்கு முன்பும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்க. பெரும்பாலோருக்கு உணவுக்குப் பின் 180-க்குள் இருத்தல் நலம். இரு வகை நாள்களிலும் அளவு ஒத்திருந்தால் அந்தக் கனி உமக்கு ஏற்றது. மிகுந்து ஏறினால் அளவைக் குறைத்தோ, வேளையை மாற்றியோ, வேறு கனியை எடுத்தோ மீண்டும் பார்க்கலாம். அத்தாளை மருத்துவரிடம் காட்டினால் அவருக்கும் அது பேருதவி.

இல்லத்தின் பொறுப்பு

நீரிழிவு ஒருவருக்கு வந்தாலும் உணவு குடும்பத்தினுடையது. தந்தைக்கு மட்டும் தனித் தட்டு வைத்து, எதிரில் மற்றவர் நெய்த்தோசை உண்டால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? அன்னையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அனைவருக்கும் பரிமாறி, மிஞ்சிய நான்கு தோசைகளை வீணாக்க மனமின்றி உண்டுவிட்டு, "எனக்கு ஏன் சர்க்கரை ஏறுகிறது?" என்று அவர் ஏங்குகின்றார். அவருக்கென ஒரு முட்டையும் ஒரு பாதிக் கொய்யாவும் எடுத்துவைக்கும் மக்கள் பேறு பெற்றவர்கள்.

நோயுற்றோரைக் காணச் செல்லும்போது ஆப்பிளும் திராட்சையும் சத்துமாவுப் புட்டியும் சுமந்து செல்வது நம் வழக்கம். சர்க்கரை உள்ளவர் வீட்டுக்கு ஒரு கிலோ கொய்யாவோ, வறுத்த வேர்க்கடலையோ கொண்டு செல்லலாமே. நோய் வாயிலில் நிற்போருக்கும் நம்பிக்கை உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் அவர்கள் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு ஒழுங்கும் நாள்தோறும் நடையும் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை நூற்றுக்கு 28.5 பங்கு குறைத்தன. மாத்திரை தந்த பயனுக்கு அது சிறிதும் குறைந்ததன்று.

நம் உடல் தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயம் என்று புனித பவுல் அடிகளார் கற்பித்துள்ளார். ஆலயத்தைப் பேணுவோர் அதனைப் பட்டினியிட்டு வருத்துவதுமில்லை. கண்டதையெல்லாம் அதனுள் குவிப்பதுமில்லை. இறைவன் தந்த கனியை நன்றியோடும் அளவோடும் நம் காலைத் தட்டில் ஏற்றுக்கொள்வோம். நாளைக் காலை ஓர் இட்லியைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கீற்றுக் கொய்யாவை வைத்து இதனைத் தொடங்கலாம்.